டிக்கெட் இல்லாத சிற்பங்கள்

நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் ஒரு பூங்கா. கஸ்டாவ் விஜெலாண்ட் என்கிற ஒரே மனிதர் உருவாக்கிய இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் அங்கே வெட்டவெளியில் நிற்கின்றன. ராத்திரி பகல் எந்நேரமும் போகலாம், கட்டணம் கிடையாது. போய்விட்டு வந்த நண்பர் போட்டோக்களைக் காட்டி, ‘‘நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு உண்டா சொல்லுங்க?’’ என்று அலுத்துக்கொண்டார். அவருக்கு வேலை ஓசூர் சிப்காட்டில்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை வேப்பனப்பள்ளிப் பக்கம் கூட்டிப்போனேன். கர்நாடகாவிலிருந்து மார்க்கண்டேய நதி வந்து நுழைகிற வட்டாரம் அது. பிறகு தென்பெண்ணையில் கலந்துவிடும். கரையோரத்து வயலில், புளியமரத்தடியில், மார்பளவு உயரத்துக்கு ஒரு கல். கையில் வில்லோடு ஒருவன், பக்கத்தில் மாடுகள். அதற்கு மேல் தேவமாதர்கள் அவனைத் தூக்கிப் போகிறார்கள். உச்சியில் லிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். செத்தவனின் முழுக்கதையும் மூன்றே அடுக்கில். செதுக்கியவன் பேர் தெரியாது.

நண்பர் கேமராவை எடுத்தார். ‘‘செருப்பைக் கழட்டிட்டுப் பிடிங்க சார். வேடியப்பன் சாமி’’ என்றார், மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்.

ஆநிரை கவர்வதும் மீட்பதும் அன்றைய போர். மாட்டு மந்தைக்குத் ‘தொறு’ என்று பெயர். தொறுவை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள். செங்கம் பகுதியின் எடுத்தனூரில், எஜமான் இறந்த பிறகும் கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்கிற நாய்க்குக்கூட, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லில் இடம் உண்டு. என்னை யோசிக்க வைப்பது வேறு. மாட்டைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள்! இந்த ஊரின் திருடன், அந்த ஊரின் தியாகி.

இதைச் சொன்னதும் நண்பருக்குப் பொறுக்கவில்லை. ‘‘திருடனைக் கும்பிடறதா? அப்ப நியாயத்துக்கு என்ன மரியாதை?’’

சரியான கேள்விதான். இதே நதியின் குறுக்கே யார்கோளில் கர்நாடகா அணை கட்டியபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே குடிநீர்; இங்கே விவசாயம். இரண்டு பக்கமும் தாகம் நிஜம். அதற்காக இரண்டு பக்கமும் நியாயம் சமம் என்று சொல்லமாட்டேன். யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை ஒருவர் தீர்த்துத்தான் ஆகவேண்டும். ஆனால் எதிர்க்கரைக்காரனுக்கும் அழ ஒரு வீடு இருக்கிறது என்பதை எந்தத் தீர்ப்பிலும் எழுதமாட்டார்கள்.

நண்பர் பெரியவரிடமே கேட்டார். ‘‘இவர் மாட்டைக் காப்பாத்தினவரா, ஓட்டிட்டுப் போனவரா?’’

பெரியவர் கல்லைப் பார்த்தார். எண்ணெய் தடவித் தடவி முகமே மழுங்கியிருந்தது.

‘‘யாருக்கு சார் தெரியும்? எங்க தாத்தா காலத்துல இருந்து பொங்கல் வெக்கறோம்.’’

நண்பர் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.