பூட்டிக்கொள்ளும் முள்

காசிமேட்டில் கெளுத்தியைக் கூடையிலிருந்து எடுப்பவர் முதலில் பார்ப்பது அதன் முள்ளைத்தான். முதுகுத் துடுப்பில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. மிரண்டால் மூன்றையும் விறைத்து நிறுத்தும். அடிமூட்டு எலும்பு பூட்டிக்கொள்ளும். அழுத்தினாலும் மடங்காது. வலைக்கண்ணில் சிக்கிவிட்டால் முள்ளை ஒடித்துத்தான் மீனை விடுவிக்க வேண்டும். குத்து வாங்கிய விரல் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

அதே வடசென்னையில், கொளத்தூர் வண்ணமீன் கடைகளில், கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசி சுரண்டும் கறுத்த மீன் ஒன்று விரல் நீளத்தில் விற்கிறது. கடையில் அதற்கு 'டேங்க் கிளீனர்' என்று பேர். பூர்வீகம் தென் அமெரிக்க ஆறுகள். டெரிகோப்ளிக்திஸ் என்ற பேரினம். அது சேர்ந்த லோரிகாரிடே குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. உடம்பு முழுக்க எலும்புத் தகடு. தகட்டின் மேல் பல்லைப் போலவே அமைந்த நுண்முட்கள். நம் கெளுத்திக்கோ வழுக்கும் வெறுந்தோல். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சொந்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயஸே சொல்லவில்லை. 1758-இல் இந்தக் குடும்பத்து மீன் ஒன்றைப் பதிவுசெய்தபோது, தகட்டை நம்பி, கேவியர் தரும் ஸ்டர்ஜன்களோடு சேர்த்துவிட்டார். ஸ்டர்ஜனுக்கும் மேலே எலும்புத் தகடு உண்டே!

தகடு மறைத்த உறவை உள்ளே இருந்த எலும்பு காட்டியது. இந்த மீனும் முதுகு முள்ளையும் பக்க முட்களையும் கெளுத்தி மாதிரியே பூட்டி நிற்கும். காற்றுப்பையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்தும் குட்டி எலும்புச் சங்கிலி ஒன்றை 1820-இல் உடற்கூற்று அறிஞர் வேபர் விவரித்தார். கெண்டைக்கு இருக்கும் அது கெளுத்திக்கும் உண்டு, தகடு போர்த்திய இந்த மீனுக்கும் உண்டு. குணத்திலும் ஒரு சாயல். கடல் கெளுத்தி ஆண், கோலிக்குண்டு பருமனுள்ள முட்டைகளை வாயில் அடக்கி, பொரியும்வரை வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். அமெரிக்க மீனின் ஆண் கரையில் வளை தோண்டி முட்டைக்குக் காவல் இருக்கும்.

உடற்கூற்று அறிஞர்கள் எலும்பைப் பார்த்துப் பிரித்தார்கள். நாம் எதைப் பார்த்துப் பிரித்தோம்? செய்யும் வேலையை. விரல் நீளத்தில் வாங்கியது ஒன்றரை அடிக்கு வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும், பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விட்டோம். வயிற்றில் காற்றை இழுத்துச் சுவாசிக்கத் தெரிந்த மீன் அது. மற்றவை மூச்சுமுட்டிச் சாகும் கழிவுத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கிறது. வளை தோண்டிக் கரையைச் சரிக்கிறது, முள்ளால் வலையைக் கிழிக்கிறது. இப்போது அதற்குப் பேர் 'பீடை'. மீன் மாறவில்லை; பாசி சுரண்டும் வாயும், பூட்டும் முள்ளும், வளை தோண்டும் பழக்கமும் கடையில் வாங்கிய அன்றே அதனிடம் இருந்தவை. பாசி சுரண்டும் வாயை மட்டும் பார்த்துக் காசு கொடுத்தோம். தொட்டிக்குள் அது நம் வேலைக்காரன். ஏரியில்தான் அது மீன்.

வேலையைப் பார்த்துப் பிரிக்கும் நம் பழக்கம் மீனோடு நிற்பதில்லை. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றை அனல்மின் நிலையச் சாம்பல் தூர்த்ததும் இதே கணக்கில்தான். துறைமுகத்துக்கு ஆகும் இடம், ஆலைக்கு ஆகும் இடம், கழிவு போக ஆகும் இடம் என்று ஒரு கரை முழுவதையும் பிரித்து வைத்தோம். இறால் குஞ்சு வளரும் கழிமுகம் என்பதும், வெள்ளம் கடலுக்கு இறங்கும் வாசல் என்பதும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. பட்டியலில் ஏறாததால் அவை இல்லாமல் போய்விடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்தபோது அவை இருப்பது ஊருக்கே தெரிந்தது.

எதற்கு ஆகும் என்று கேட்டுப் பிரிக்கிறவர் உலகத்தை வகைப்படுத்துவதில்லை. தன் தேவைகளைத்தான் பட்டியல் போடுகிறார். தேவை தீர்ந்த பொருள் அவருக்குக் குப்பை. ஆனால் எந்த உயிரும், எந்த ஆறும் நம் தேவையின் அளவோடு முடிந்துவிடுவதில்லை. நாம் கேட்காமல் விட்ட மிச்சம்தான் அதன் முழு இயல்பு. அதோடுதான் கடைசியில் நாம் வாழவேண்டியிருக்கிறது.