கொடாத காட்சி

தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் வட்டத்தில், அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடியினரின் காப்பகக் காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி இருக்கிறது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காணப் புறப்படும் சுற்றுலாப் பயணிகள் விடியுமுன்பே அங்கு வந்து, பெயரும் அடையாளச் சான்றும் எழுதிக்கொடுத்து, குறித்த நேரம் வந்ததும் காவல் துணையோடு வரிசையாக அனுப்பப்படுகிறார்கள். வழியில் வண்டியை நிறுத்தக்கூடாது, முன்செல்லும் வண்டியை முந்தக்கூடாது, காட்டில் வாழ்வோருக்குத் தின்பண்டம் கொடுக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்பவை அங்குள்ள விதிகள். முதல் மூன்றின் நியாயம் எவருக்கும் எளிதில் விளங்கும். நான்காவது மட்டும் ஓர் அறவினாவைக் கிளப்புகிறது: சாலையோரம் நிற்கும் ஒருவரைக் கண்ணால் பார்ப்பது குற்றமாகாதபோது, அதே ஒளியை அதே கணத்தில் கைபேசியின் வில்லை வாங்கிக்கொள்வது மட்டும் எவ்வாறு குற்றமாகும்? 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையும், அதைக் கடுமையாக்கிய 2012ஆம் ஆண்டுத் திருத்தமும் சட்டத்தின் விடையைச் சொல்லிவிட்டன. அறத்தின் விடையைத் தனியே தேட வேண்டியிருக்கிறது. களவு என்றால் என்ன என்று நெடுங்காலம் சிந்தித்த சமணமும் பௌத்தமும் குறளும் அத்தேடலுக்கு உதவக்கூடியவை.

முதலில், இன்றைய கைபேசிக் கேமரா என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. வினாவின் கூர்மை அதில்தான் இருக்கிறது. பூட்டிய நிலையிலேயே பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்தினால் பல கைபேசிகளில் கேமரா விழித்துக்கொள்ளும். குவியத்தையும் ஒளியளவையும் கருவியே தேர்ந்துகொள்ளும். முகம் எங்கே இருக்கிறது என்பதையும் தானே கண்டுபிடித்துவிடும். இவற்றினும் முக்கியமானது வேறொன்று. கேமரா திறந்த கணம் முதலே அதன் உணரி, அதாவது ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சில்லு, இடைவிடாமல் படங்களைப் பிடித்துத் தற்காலிக நினைவகத்தில் நிரப்பிக்கொண்டும், பழையவற்றை அழித்துக்கொண்டும் இருக்கும். விரல் பொத்தானைத் தொட்டதும், தொடுவதற்குச் சற்று முன்பே பதிவானவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, புள்ளி புள்ளியான மங்கலை நீக்கி, ஒரே படமாக்கித் தரும். ஆப்பிள் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த லைவ் போட்டோ வசதியோ, அழுத்துவதற்கு முந்தைய ஒன்றரை வினாடியையும் பிந்தைய ஒன்றரை வினாடியையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. எடுக்கலாமா என்று மனம் எண்ணி முடிப்பதற்குள் படம் எடுக்கப்பட்டாயிற்று என்பது இங்கே மிகைக்கூற்று அன்று. கருவி இயங்கும் முறையே அது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கும். இருபது மீட்டர் முன்னால் மரங்களுக்கிடையிலிருந்து ஒரு தாய் குழந்தையோடு சாலையோரத்துக்கு வந்தால், அவர் சன்னலைக் கடந்து பின்னால் போய்விட இரண்டு வினாடி போதும். பிலிம் கேமராவைப் பையிலிருந்து எடுத்து, சுருளை நகர்த்தி, குவியத்தைத் திருப்புவதற்கு அந்த நேரம் போதாது. கைபேசிக்கு அது தாராளம். ஆனால் எடுக்கலாமா என்று சைகையால் கேட்பதற்கும், அவர் முகத்தில் வெறுப்போ அச்சமோ தோன்றுகிறதா என்று பார்ப்பதற்கும் இரண்டு வினாடி இன்றும் போதாதுதான். எடுப்பவரின் ஆற்றலைக் கருவி பெருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. எடுக்கப்படுபவர் மறுப்பதற்கான வாய்ப்பு அதனாலேயே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இந்தக் கவலை புதிதன்று. 100 படங்களுக்கான சுருளோடு கோடாக் கேமரா 1888இல் விற்பனைக்கு வந்த இரண்டே ஆண்டுகளில், அமெரிக்கச் சட்ட அறிஞர்களான சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைசும் தனியுரிமை பற்றிய தங்கள் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினர். கணநேரத்தில் எடுக்கப்படும் புகைப்படங்களை அதற்கான காரணங்களில் ஒன்றாக அதிலேயே அவர்கள் குறிப்பிட்டனர்.

இனி, களவு என்பதன் இலக்கணம். சமணரும் பௌத்தரும் களவைக் கொடுக்கப்படாததை எடுத்தல் என்றே வரையறுக்கிறார்கள். இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். படம் எடுப்பதால் எடுக்கப்பட்டவரிடம் எதுவும் குறைவதில்லை. அவர் முகம் அவரிடமே இருக்கிறது. வெளியில் சிதறிப்போகும் ஒளி எவருடைய உடைமையும் அன்று. இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தத்துவார்த்த சூத்திரம் என்னும் சமண நூலுக்கு உரை எழுதிய பூஜ்யபாதர் ஏறக்குறைய இதே இடரைச் சந்திக்கிறார்: கொடுக்கப்படாததை எடுப்பதெல்லாம் களவு என்றால், ஊரின் தெருவில் நடக்கும் துறவியும் கள்வர் ஆவாரே என்பது அங்கு எழும் ஐயம். தெருவும் ஊர்வாயிலும் அனைவருக்கும் பொதுவாகத் திறந்து விடப்பட்டவை, ஆகையால் அவற்றில் நடப்பது களவு ஆகாது. அடைத்த கதவுக்குள் துறவி நுழைவதில்லை என்பது அவர் தரும் விடையின் சாரம்.

இந்த விடையை ஜிர்காடாங்குக்குக் கொண்டுவந்தால் வினா தலைகீழாகிறது. சுற்றுலாப் பயணி தாம் பொதுச்சாலையில் இருப்பதாகவும், காட்டுவாசி அச்சாலையின் ஓரத்தில் வந்து நிற்பதாகவும் எண்ணுகிறார். உண்மையில் சாலைதான் காட்டுக்குள் வந்தது. ஜாரவாக்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் தேனெடுத்தும் வாழ்ந்த காட்டைப் பிளந்துகொண்டு போடப்பட்ட சாலை அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் தொகை 380 மட்டுமே. காப்பகத்தின் வழியே செல்லும் சாலைப் பகுதியை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் ஆணையிட்டது. வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. திறந்து விடப்பட்ட தெருவா, அடைத்த கதவா என்று பூஜ்யபாதரின் அளவுகோலால் பார்த்தால், அந்தச் சாலை பிறர் வீட்டு முற்றத்தின் குறுக்கே போடப்பட்ட பாதை. அங்கே பார்வையே கடன்பட்டது; படம் அதற்கு மேற்பட்டது.

மறுப்பு ஒன்று நீங்கினாலும் கடினமான மற்றொன்று நிற்கிறது. விளையாட்டாக, கெட்ட எண்ணம் சிறிதும் இன்றி, ஒரு கணத்தில் எடுத்த படத்துக்குக் கள்வனின் பழியைச் சுமத்தலாமா? பௌத்த உரையாசிரியர்கள் களவு நிறைவுற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்பர்: பொருள் பிறருடையதாதல், அதனை அறிந்திருத்தல், கவரும் எண்ணம், முயற்சி, அம்முயற்சியால் பொருள் கவரப்படுதல். எண்ணமே வினை என்பது அச்சமயத்தின் அடிப்படை. கவரும் எண்ணம் இல்லாத பயணியை அது பெரும்பாலும் விடுவித்துவிடும். சமணம் இதை ஒப்புவதில்லை. ஒரு குழந்தையைச் சுரைக்காய் என்று கருதி நெருப்பில் வாட்டியவனுக்குக் கொலைப்பாவம் இல்லை என்று பௌத்தர் சொல்வதாகச் சூத்திரகிருதாங்கம் என்னும் சமண ஆகமம் எடுத்துக்காட்டி, கடுமையாக மறுக்கிறது. குழந்தை எது, காய் எது என்று பார்க்காமல் விட்டதே குற்றம் என்பது சமணர் நிலை. அவர்கள் இதைப் பிரமாதம் என்னும் கோட்பாட்டால் விளக்குகிறார்கள். பிரமாதமாவது, விழிப்புத் தவறிய நிலையில் மனமும் மொழியும் உடலும் செயல்படுதல். கொலைக்கு இலக்கணம் கூறும்போதே தத்துவார்த்த சூத்திரம் இச்சொல்லை முன்னால் வைக்கிறது.

சுரைக்காய் உவமை கேலிக்காகச் சொல்லப்பட்டிருக்கலாம். ஆயினும் பெரார்கஞ்ச் வழியே போகும் பயணத்துக்கு அது திகைப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காடு, அவற்றுக்கிடையே மனிதர் என்று நாள்முழுதும் காணத்தக்கவற்றின் வரிசையிலேயே கண்கள் பழகிவிட்டபின், சாலையோரம் தோன்றும் தாய் காட்சிகளுள் ஒன்றாகவே தென்படுகிறார். ஜாரவாப் பெண்கள் உணவுக்காக ஆடவைக்கப்பட்ட காணொளியை லண்டனின் அப்சர்வர் இதழ் 2012 ஜனவரியில் வெளியிட்டபோது நாடு முழுதும் எழுந்த கோபம் உண்மையானது. ஆனால் அந்தக் காணொளியை எடுத்த மனத்துக்கும், ஓடும் வண்டியிலிருந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளும் மனத்துக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான், வகையில் இல்லை. இரண்டிலும் மனிதர் வேறொன்றாகப் பார்க்கப்பட்டிருக்கிறார். இக்கட்டத்தில் சமணரின் கண்டிப்பே சரியென்று படுகிறது.

திருக்குறள் இதே இடத்தை இரண்டு அதிகாரங்களில் தொடுகிறது. கள்ளாமை அதிகாரம் பிறர் பொருளைக் கவர நினைப்பதையே தீது என்று சொல்லி, எண்ணத்தைப் பிடிக்கிறது. பொருட்பாலில் வரும் பொச்சாவாமை அதிகாரமோ, மகிழ்ச்சி மிகுந்தபோது வரும் சோர்வு அளவு கடந்த சினத்தைக் காட்டிலும் கேடு தரும் என்கிறது. அரசனை நோக்கிச் சொல்லப்பட்டதாயினும், விடுமுறைக் களிப்பில் கைபேசியை உயர்த்தும் எவருக்கும் அது பொருந்தும். சினத்தோடு கேமராவைத் தூக்குபவர் மிகச் சிலர். அந்தச் சாலையில் எடுக்கப்பட்ட படங்களில் பெரும்பாலானவை மகிழ்ச்சியில் எடுக்கப்பட்டவையாகவே இருக்கும்.

வேகந்தான் குற்றம், மெதுவாக எடுத்திருந்தால் அறம் பிழைத்திருக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. அந்தமானின் வரலாறே அதை மறுக்கும். 1879 முதல் அந்தமானியருக்குப் பொறுப்பாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி மாரிஸ் விடால் போர்ட்மன், 1890களில் கனமான கேமராவும் கண்ணாடித் தகடுகளும் கொண்டு அவர்களைப் படம் பிடித்தார். கட்டமிட்ட பலகையின் முன்னால் ஆடையின்றி அசையாமல் நிற்கவைத்து, முன்னும் பக்கமுமாக அளந்து எடுத்த படங்கள் அவற்றில் உண்டு. கேட்பதற்கு அவருக்கு நேரம் இருந்தது. அந்த நேரம் அவர்களை அசையாமல் நிறுத்தவே பயன்பட்டது. பெரும் அந்தமானியர் எனப்படும் குழுக்களில் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது எஞ்சியிருந்தோர் 625 பேர். அழிந்துவரும் இனத்தைப் பதிவு செய்கிறோம் என்ற நியாயம் அக்காலத்தில் சொல்லப்பட்டது. அழிவுக்குக் காரணமான ஆட்சியின் கையிலேயே கேமராவும் இருந்தது என்பதை அந்நியாயம் மறைத்துவிடுகிறது. கேட்பதற்கான இடைவெளி அறத்துக்கு வேண்டியதே. அது மட்டும் இருந்தால் அறம் வந்துவிடாது.

அந்த இடைவெளியே இல்லாத கருவியைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வது? சமணத்தின் இல்லற நெறி இதற்கு ஒரு வழி காட்டுகிறது. இல்லறத்தார்க்குரிய நோன்புகளைத் தமிழில் தொகுத்த அருங்கலச்செப்பு போன்ற நூல்கள், கொல்லாமை, கள்ளாமை முதலிய அணுவிரதங்களுக்கு மேல் வேறு சில விரதங்களையும் கூறும். அவற்றுள் ஒன்று தேசாவகாசிகம்: இந்த எல்லைக்குள், இவ்வளவு காலத்துக்கு, இன்னதைச் செய்யேன் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது. சோதனை நேரும் கணத்தில் மனத்தை நம்ப முடியாது என்ற தெளிந்த அறிவிலிருந்து பிறந்த நோன்பு இது. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை, வண்டி காட்டைக் கடக்கும் வரை, கைபேசி பைக்குள் இருக்கட்டும் என்னும் கட்டளை, வடிவத்தில் அந்த நோன்பேதான். காவலருக்கு அஞ்சிக் கடைப்பிடித்தால் அது சட்டம். சாவடியை அடையுமுன்பே ஒருவர் தாமாக ஏற்றுக்கொண்டால் விரதம். விரல் படத்துக்குப் பிந்திவிட்ட காலத்தில், தீர்மானம் படத்துக்கு வெகுவாக முந்தியிருந்தாலொழிய அதற்கு வேலை இல்லை.

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டதையும் இங்கே நினைக்கலாம். அபிடேகம் முடிந்து அலங்காரம் நிறைவுறும் வரை திரையிட்டு, உரிய வேளையில் திரை விலக்கும் மரபில், காட்சியைத் தருவது இறைவன். அடியார் காத்திருந்து பெறுகிறார். அந்தக் காத்திருப்பைக் கருவறைக்கு முன் இயல்பாக ஏற்பவர்களுக்கு, காட்டில் நிற்கும் மனிதருக்கும் காட்சியைத் தரவும் மறுக்கவும் உரிமை உண்டு என்பதை ஏற்பது அப்படியொன்றும் கடினம் அன்று.

2025 ஜனவரியில் ஜாரவாக்கள் 19 பேருக்கு, ஜிர்காடாங்கில் உள்ள அவர்களது குடியிருப்பில் வாக்காளர் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அட்டையில் முகப்படம் உண்டு. சாலையில் எடுத்தால் குற்றமாகும் அதே முகம், குடியிருப்பில் எடுக்கப்பட்டபோது உரிமையின் சான்றாகிறது. எடுத்தவரின் நோக்கமும், எடுக்கப்பட்டவருக்கு அதனால் வரும் பயனும் வேறு என்பது வெளிப்படை. ஆனால் கொடுத்தல் என்பதற்குப் பௌத்தத் துறவியரின் ஒழுக்கநெறியான விநயம் வைத்த அளவு இன்னும் நுட்பமானது: பிக்கு ஏற்கும் உணவைக் கொடுப்பவர் கைக்கெட்டும் தொலைவில் நின்று, கொடுப்பது வெளிப்படத் தெரியும்படி நீட்ட வேண்டும். ஒரு முகப்படம் எங்கெங்கே சேமிக்கப்படும், யார் யார் பார்ப்பார்கள், எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதை அறிந்து அதை நீட்டுவது, கைபேசியோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கே எளிதன்று. 1990களின் இறுதியில்தான் காட்டைவிட்டு வெளியே வந்து பிறரோடு பழகத் தொடங்கிய ஒரு சமூகத்துக்கு அதை விளங்கச் சொல்வதற்கு எத்தனை ஆண்டு ஆகும், அவர்கள் மொழியில் யார் சொல்வது, கேட்டபின் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் ஏற்கப்படுமா என்பவை இனிமேல்தான் விடை காண வேண்டியவை.