சிருஷ்டியா? பரிணாமமா?



உயிர்கள் யாவும் ஒரு கர்த்தாவினால் இன்றுள்ள உருவிலேயே படைக்கப்பட்டனவா, அன்றி ஒன்றிலிருந்து ஒன்றாக நெடுங்காலம் மாறித் தோன்றினவா என்னும் வினா பண்டிதர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் வினா அன்று. நம் ஜங்லிகாட் வீடுகளில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் புத்தகப்பைக்குள்ளேயே அது நுழைந்துவிட்டது. இத்தீவுகளின் பள்ளிகள் மத்திய பாடத்திட்டத்தைப் பின்பற்றுவன. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2023இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், முன்பு பாரம்பரியமும் பரிணாமமும் என்றிருந்த அதிகாரம் பாரம்பரியம் என்று மட்டும் நின்றது. பாடச்சுமையைக் குறைத்தோம் என்றனர். 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு மறுத்துரைத்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலை எடுப்பவர்க்குப் பரிணாமம் உண்டே எனச் சமாதானமும் கூறப்பட்டது. பத்தோடு படிப்பை முடித்துப் படகுக்கோ கடைக்கோ வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அச்சமாதானத்தால் யாது பயன்?

இதற்கு முன்பே, 2018 ஜனவரியில், அப்போது மத்திய மனிதவள மேம்பாட்டுத்துறை இணையமைச்சராயிருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் எழுதினாரில்லை, சொன்னாரில்லை, ஆதலின் டார்வினின் கொள்கை தவறு என்று பேசினார். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் ஒன்றுகூடி அதனை மறுத்து அறிக்கை விடுத்தன.

'கண்டவர் யார்?' என்னும் இக்கேள்வி புதியதன்று. நம் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரிடம் அவரவர் கொள்கையைக் கேட்டாள் அன்றோ? உலகம் ஒரு தெய்வம் ஈன்ற முட்டையே எனச் சாதித்த பிரமவாதியும் அவருள் ஒருவன். இறுதியில் வந்த பூதவாதி, கண்ணாற் காண்பதன்றி அனுமானத்தை ஒப்பேன் என்றான். அவள் நகைத்து, உன் தாய் தந்தை இன்னார் என்பதை நீ அனுமானத்தாலன்றி வேறு எதனால் அறிந்தாய் என வினவினாள். அமைச்சருக்கும் இவ்விடையே போதுமானது. நாம் பிறந்ததை நாமே கண்டோமில்லை. எனினும் பெற்றோர் உண்டென்பதில் ஐயம் இல்லை. விட்டுச்சென்ற தடங்களைக் கொண்டு நடந்ததை அறிவது பிழையான வழியன்று.

அத்தடங்கள் இத்தீவுகளில் நிரம்பக் கிடக்கின்றன. அந்தமானில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, கரடி இல்லை. மனிதன் கொண்டுவராத பாலூட்டிகளுள் பெரும்பாலானவை வௌவால்களும், எலி, மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்களுமே. இத்தனைக்கும், பெரிய மிருகங்கள் வாழ இக்காடு தகுதியற்றது என்று சொல்வதற்கில்லை. வெள்ளையர் காலத்தில் கொணர்ந்து விடப்பட்ட புள்ளிமான் இன்று தீவுதோறும் பெருகி இளமரக் கன்றுகளைத் தின்று தீர்க்கின்றது. மரம் இழுக்கக் கொணர்ந்த யானைகள் இன்டர்வியூ தீவில் காட்டுயானைகளாகவே வாழ்ந்தன. (மர ஆலையில் இருபதாண்டு வாளோடு நின்றவன் நான், யானை இழுத்த மரங்களின் கதையைப் பழைய தொழிலாளர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.) மானும் யானையும் வாழத்தக்க காட்டில் அவற்றைப் படைக்க மறந்து, வௌவாலை மட்டும் வகைவகையாகப் படைத்த கர்த்தாவின் கருத்து யாது? வௌவாலுக்குச் சிறகுண்டு, அது கடல் கடந்தது. மானுக்குச் சிறகில்லை, அது மனிதன் கப்பலேற்றும்வரை காத்திருந்தது. இவ்வளவுதான் விடை.

நார்க்கொண்டம் தீவையும் எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு. எரிமலை எழுப்பிய மேடு. அங்கே ஓர் இருவாட்சிப் பறவை வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் அது இல்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவினங்கள் பர்மா முதலிய தென்கிழக்காசியக் காடுகளில் உள்ளன. கடலைக் கடந்து வந்து தங்கிய சில பறவைகளின் வழித்தோன்றல்கள், தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து வாழ்ந்து தனியினமாயின என்றால் இவ்வுறவு விளங்குகின்றது. அத்தீவுக்கென்றே தனியே படைக்கப்பட்டது என்றால் விளங்கவில்லை.

சிருஷ்டிவாதியின் கட்சியையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். அவருடைய வலிய ஆயுதம் கண். இத்தனை நுட்பமான கருவி தானே அமையுமோ, கடிகாரத்துக்கு ஒரு கைவினைஞன் வேண்டாவோ என்பார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் கடல் இதற்கு விடை வைத்திருக்கின்றது. கரைப்பாறையில் ஒட்டிக் கிடக்கும் கூம்பு ஓட்டுச் சிறு நத்தையின் கண் ஒளியை உணரும் வெறுங் குழி. நாட்டிலஸ் என்னும் சுருள் ஓட்டுப் பிராணியின் கண்ணில் ஒரு துளையுண்டு, வில்லை இல்லை. பேய்க்கணவாயின் கண்ணிலோ வில்லையும் உண்டு, விழித்திரையும் உண்டு. குழி, துளை, வில்லை ஆகிய ஒவ்வொன்றும் தன் அளவில் தன்னை உடைய உயிருக்குப் பயன் தருகின்றது. நம் கண்ணை எடுத்துக்கொள்வோம். நரம்புகள் விழித்திரைக்கு முன்னே ஓடிப் பின்னர் ஓரிடத்தில் அதனைத் துளைத்து வெளியேறுகின்றன. அவ்விடத்தில் நமக்குப் பார்வையே இல்லை. பேய்க்கணவாய்க்கு நரம்பு பின்புறமாகவே செல்வதால் அக்குருட்டுப்புள்ளி இல்லை. தன் சாயலில் மனிதனைப் படைத்தவன், சிறந்த கண்ணமைப்பைக் கணவாய்க்குக் கொடுத்தானோ!

முதல் உயிர் எவ்வாறு தோன்றிற்று எனின், அதனை விஞ்ஞானம் இன்னும் முடிவு கட்டவில்லை. 1953இல் ஸ்டான்லி மில்லர் என்பார் நீராவியும் மூன்று வாயுக்களும் அடைத்த கண்ணாடிக் கலத்தில் மின்பொறி பாய்ச்சி, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் உண்டாகக் கண்டார். அது உயிரன்று, உயிருக்கு வேண்டிய செங்கற்களில் சில. தெரியாத இடம் எஞ்சியிருக்கின்றது என்பது உண்மை. தெரியாத இடத்திலெல்லாம் ஒரு தெய்வத்தைக் குடியேற்றுவதோ நியாயமன்று.

இனி, இவ்வினாவில் தம்மத்துக்கு என்ன பங்கு? மாலுங்கியபுத்தர் உலகம் நித்தியமா அநித்தியமா என வற்புறுத்தியபோது, நச்சம்பு தைத்தவன் எய்தவன் குலம் விசாரித்துக் கொண்டிருக்கலாமோ என்று பகவான் அதனை ஒதுக்கினார். ஆகவே இதனைப் பேசவே வேண்டா என்பர் நம்மவரில் சிலர். எனக்கு அது உடன்பாடன்று. கர்த்தா எய்த அம்பு இது, இதனைப் பிடுங்குவது பாவம் என்று ஒருவன் வந்து கையைப் பிடித்தால், அவனோடு பேசித்தான் ஆகவேண்டும். பகவானும் பேசினார். அங்குத்தர நிகாயத்தின் தித்த சுத்தத்தில் மூன்று கொள்கைகளை எடுத்து மறுக்கின்றார்: இன்ப துன்பம் யாவும் முற்செயலால் என்பது ஒன்று, யாவும் ஈசுவரனின் படைப்பால் என்பது ஒன்று, யாவும் காரணமின்றியே என்பது மற்றொன்று. மூன்றையும் மறுத்தற்கு ஒரே காரணம் காட்டினார். அவை உண்மையாயின், கொலை செய்பவன் அதனாலேயே கொலை செய்கின்றான் என்றாகும். செய்யத்தக்கது, தகாதது என்னும் பேச்சுக்கே இடமிராது. அண்ணல் அம்பேத்கர் புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில் ஈசுவர நம்பிக்கையைத் தம்மமல்லாதவற்றுள் வைத்ததும் இந்நெறி பற்றியே.

இதில் நமக்கும் ஓர் அடி உண்டு. 2004 டிசம்பர் 26இல் நிலம் அதிர்ந்து கடல் ஏறியது. தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் புகுந்து நின்றது. தெய்வ கோபம் என்றனர் பலர். மாண்டவர்களின் முன்வினை என்று சொன்ன பௌத்தர்களும் இருந்தனர். முன்னதைப் போலவே பின்னதும் பகவான் மறுத்த கொள்கைதான். பித்தம், வாதம், சிலேத்துமம், பருவமாற்றம் முதலியவற்றாலும் வேதனை உண்டென மோலிய சீவகருக்கு அவர் விளக்கினார். ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் அடியில் நழுவியதற்குக் குழந்தைகளின் வினை காரணமாகாது.

பரிணாமவாதமோ மூன்றாவதாகிய 'காரணமின்மை'யைச் சார்ந்ததன்று. மாறுதல்கள் நோக்கமின்றி நேரலாம். அவற்றுள் எது தங்கும் என்பதைச் சூழ்நிலை தீர்மானிக்கின்றது. இது இருந்தால் அது உண்டாம் என்னும் நம் நிதானக் கொள்கைக்கு அது அயலன்று. ஆயினும் அக்கஞ்ஞ சுத்தத்தைக் காட்டி, டார்வினுக்கு முன்பே பகவான் பரிணாமத்தை உரைத்தார் எனப் பெருமை பேசுதல் வேண்டா. அங்கே ஒளியுடம்பினர் சிறிது சிறிதாகப் பருவுடம்பினராகித் தாழ்கின்றனர். டார்வின் கூறியது அதுவன்று. அச்சுத்தத்தின் உயிர்நாடி வேறு. பிரமன் வாயிற் பிறந்தோம் என்று பிராமணர் தருக்குவதை வாசெட்டர் கூறக் கேட்டு, அவர்தம் பெண்டிரும் கருவுற்று, ஈன்று, பாலூட்டக் காண்கின்றோமே என்கின்றார் பகவான். வாய், தோள், தொடை, பாதம் எனப் பிறப்பிடம் பிரித்த சிருஷ்டிக் கதையினால் நம் பாட்டன்மார் பட்டது போதும்.

ஆனால் பரிணாமத்தின் பெயராலும் கொடுமை நடந்தது, நடந்தது இம்மண்ணிலேயே. தக்கனவே பிழைக்கும் என்னும் தொடரை 1864இல் ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். அவர் போன்றோர் மக்களினங்களை ஏணிப்படிகளாக அடுக்கினர். 1890களில் போர்ட்மன் என்னும் அதிகாரி அந்தமான் பழங்குடியினரை நிறுத்திப் படம்பிடித்து, உறுப்புறுப்பாக அளவெடுத்தார். 1858இல் கைதிகளின் குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கிலிருந்த பேரந்தமானியர் 1961 மக்கட்கணக்கில் 19 பேர். அவர்களை வீழ்த்தியது இயற்கைத் தேர்வு என்று எழுதியோர் உண்டு. குடியேற்றத்தோடு வந்த மேகநோயும், 1877இன் தட்டம்மையும், காடழிப்பும் செய்த வேலைக்கு அது ஒரு கௌரவமான பெயர். அளந்தவரும் அளக்கப்பட்டவரும் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஒரே மூதாதையரின் மக்கள் என்பதே விஞ்ஞானம் இன்று கூறுவது. அவ்வேணியில் மேற்படி என ஒன்று இல்லை.

வாசெட்ட சுத்தத்தில் பகவான் புல், மரம், பூச்சி, பாம்பு, மீன், பறவை என வரிசையாகக் கூறி, இவற்றுக்குப் பிறவியால் அமைந்த வேறுபாட்டுக் குறிகள் உண்டு என்கின்றார். பின்னர் மனிதனிடம் வந்து முடி, தலை, செவி, கண், வாய், கை, கால் என ஒவ்வொன்றாகத் தேடி, அத்தகைய குறி இங்கில்லை என்று முடிக்கின்றார். போர்ட்மனும் உறுப்புறுப்பாகத்தான் தேடினார்.

இப்போது போர்ட் பிளேயருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அப்பெயர் எதுவாயினும், 2022க்கு முன் பத்தாம் வகுப்புப் படித்த அண்ணனோ அக்காளோ உள்ள வீடுகளில் அப்பழைய அறிவியல் நூல் எங்கேனும் கிடக்கும். அதனை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விடுபட்ட பக்கங்களை ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு அமர்ந்து வாசியுங்கள். விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று அவர்களிடமே சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.