மறுப்பதும் தொண்டே

தொண்டு செய்பவனுக்குக் கீழ்ப்படிதல் முதற்கண் வேண்டும் என்பது பெரியோர் கருத்து. அப்படியானால், இட்ட ஆணையைச் செய்ய மறுப்பவன் நல்ல தொண்டனாக இருக்க முடியுமா? பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக, 1916-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் வழிகாட்டி நாய்களைப் பயிற்றும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் போட்ஸ்டாம் நகரிலும் ஒரு பள்ளி எழுந்தது. அதைப் பற்றி டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-இல் கட்டுரை எழுதினார். தந்தை வாசிக்க அதைக் கேட்ட மாரிஸ் ஃபிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர் சுவிட்சர்லாந்து சென்று, 'பட்டி' என்று தாம் பெயரிட்ட நாயுடன் பயிற்சி பெற்றார். 1928-இல் நாடு திரும்பியதும், நியூயார்க்கின் நெரிசல் மிக்க சாலையை அதன் துணையுடன் கடந்து காட்டினார். மறு ஆண்டே அமெரிக்காவில் 'தி சீயிங் ஐ' என்ற பயிற்சி நிறுவனம் உருவாயிற்று.

செல்ல வேண்டிய இடத்தை நாய் தீர்மானிப்பதில்லை. வழியை அறிந்து, வாகனங்களின் ஒலியைக் கேட்டு, 'முன்னே செல்' என்று ஆணையிடுபவர் எஜமானரே. அந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதையே நாய் முதலில் கற்கிறது. அதற்குப் பிறகே கடினமான பாடம் வருகிறது. ஆணை பிறக்கும் கணத்தில் வாகனம் குறுக்கிட்டாலோ, எதிரே பள்ளம் இருந்தாலோ, அது அசையாமல் நின்றுவிட வேண்டும். பயிற்சியாளர்கள் இதனை 'விவேகமுள்ள கீழ்ப்படியாமை' என்கின்றனர்.

உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்டும் ஒரு நாய் நின்றுவிடலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே, ஆணை நிறைவேறவில்லை. ஆயினும் ஒன்று தன் ஆசைக்காக மீறியது, மற்றொன்று எஜமானரின் நலனுக்காக மீறியது. தன் விருப்பத்தை அடக்கிப் பழகிய உயிரின் மறுப்பே நம்பத்தக்கது. ஆகவே, கீழ்ப்படியக் கற்ற பின்னரே மறுக்கும் தகுதி பிறக்கிறது.

இதில் எஜமானருக்கும் ஒரு சாதனை உண்டு. நாய் நின்ற காரணத்தை அவரால் காண இயலாது. சினந்து அதை இழுத்தால் அவர் உயிருக்கே ஆபத்து. அவர் பொறுமையுடன் நின்று, செவிகொடுத்து, காலால் தடவிப் பார்த்து, காரணத்தை அறிய வேண்டும். தடுத்ததற்காக அதைத் தட்டிக்கொடுக்கவும் வேண்டும்.

பெற்றோராகவும் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் நாம் ஆணையிடும் இடங்கள் பல. நமக்குத் தெரியாத பள்ளம் நமக்குக் கீழே பணிபுரிபவருக்குத் தெரியக்கூடும். அவர் தயங்கி நிற்கும்போது நாம் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் வாய்திறவாமல் கீழ்ப்படிவார். பள்ளத்தில் விழுபவர் நாமாக இருப்போம். 'ஏன் நின்றாய்?' என்று கனிவுடன் கேட்கும் பணிவு, ஆணையிடுபவருக்கே முதலில் வேண்டும்.