தோண்டியவருக்கே பாதையா?

மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் மத்தியில் ஒரு வாசகம் உண்டு: ‘நோ டிக், நோ ரைட்.’ மண்வெட்டி பிடிக்கவில்லையா, சைக்கிளை எடுத்துக்கொண்டு வராதே. காட்டுக்குள் மண்மேடு கட்டித் தாவுகிற இடங்களில் இதைப் பலகையில் எழுதி மாட்டியிருப்பார்கள். ‘உழுபவனுக்கே நிலம்’ என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் என்ன தப்பு தெரியும்? வியர்வை சிந்தியவனுக்கு முதல் உரிமை, அவ்வளவுதானே. ஆனால் அவ்வளவுதானா? பொது நிலத்தில் சம்பளம் வாங்காமல் ஒரு பாதையைப் போட்டுப் பராமரிக்கிறவருக்கு அந்தப் பாதையின்மீது என்ன உரிமை இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1976 அக்டோபரில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச் சரிவில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில் சுமார் 1,300 அடி இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. விளையாட்டு பரவியது, கூடவே சண்டையும். சைக்கிள் மண்ணை அரிக்கிறது, நடப்பவர்களை மிரட்டுகிறது என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. மரினிலேயே பல ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன.

1988இல் கலிபோர்னியாவின் சைக்கிள் கிளப்புகள் சேர்ந்து இம்பா என்ற அமைப்பைத் தொடங்கின. அடுத்த ஆண்டு சியாட்டிலில் ஒரு கிளப் பிறந்தது. அதுதான் இன்றைய எவர்கிரீன் மவுண்டன் பைக் அலையன்ஸ். இவர்களிடம் இருந்த வலுவான வாதம் உழைப்புதான். ‘கெடுக்கிறோம் என்கிறீர்களே, நாங்களே வந்து சரிசெய்கிறோம், பாருங்கள்.’ இசக்குவா ஊருக்கு அருகே கிங் கவுண்டிக்குச் சொந்தமான 120 ஏக்கர் காட்டில், 2010இல் டூத்தி ஹில் சைக்கிள் பூங்கா திறக்கப்பட்டது. அதன் பாதைகளில் தன்னார்வலர்களின் கை நிறைய இருக்கிறது.

நான் சியாட்டிலுக்கு வேலைக்கு வந்த பிறகு இந்த மாதிரி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். பாதை பராமரிப்பு என்றால் அது தண்ணீர் பராமரிப்பு என்று முதல் நாளே புரிந்துவிடும். டயரைவிட மழைதான் பாதையை அதிகம் தின்கிறது. அதனால் பாதையின் தளத்தைப் பள்ளத்துப் பக்கமாக ஐந்து சதவீதம் சாய்த்து வெட்டுவார்கள். தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்துவிடும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி. தாண்டினால் பாதை வாய்க்காலாகிவிடும். கையில் புலாஸ்கி: ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் களைக்கொத்து. இவ்வளவு வேலையும் ஒழுங்காகச் செய்திருந்தால், அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, விடாத தூறல். வழிந்தோட இடமில்லாமல் தண்ணீர் தேங்கியிருந்த ஒரு வளைவை நாலைந்து பேர் வெட்டிக்கொண்டிருந்தோம். கல்லூரிப் பையன் மாதிரி ஒருத்தன் எங்களை உரசிக்கொண்டு பறந்தான். ஒரு தாங்க்ஸ்கூட இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இருபது வருஷமாக இதைச் செய்கிறவர். நிமிராமலே சொன்னார்: “அவ்ளோ வேகமா போறான்னா வளைவு சரியா அமைஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

என் எரிச்சலுக்கும் அவருடைய நிதானத்துக்கும் நடுவில் ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. என் எரிச்சலுக்கு ஜான் லாக் துணைக்கு வருவார். யாருடையதும் அல்லாத ஒன்றோடு உன் உழைப்பைக் கலந்தால் அது உன்னுடையதாகிறது என்பது 1689இல் அவர் வைத்த வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘யாருடையதும் அல்லாத’ என்ற இடத்தில்தான் பிரச்சினை. 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து வருஷம் குடியிருந்து உழுதவருக்கு 160 ஏக்கர் என்றது. உழுபவனுக்கே நிலத்தின் அமெரிக்கப் பதிப்பு! அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களின் உழைப்பு அந்தக் கணக்கில் வரவே இல்லை. நான் மண் வெட்டுகிற இந்தப் பகுதியும் 1855இன் பாயின்ட் எலியட் ஒப்பந்தத்தின் மூலம் பூர்வகுடிகளிடமிருந்து கைமாறியதுதான். இங்கே நின்றுகொண்டு ‘நான் தோண்டினேன், எனக்கே’ என்று சொல்ல வாய் கூசுகிறது.

நம் ஊர் முழக்கம் இதற்கு நேர் எதிரானது. உழைக்காமல் நிலத்தை வைத்திருந்தவரிடம், உழைத்தே வயிறு காய்ந்தவர் கேட்ட நியாயம் அது. பாதை தோண்டுகிற என்னுடைய வயிறு அந்த மண்ணை நம்பி இல்லை. இன்னொன்று, சனிக்கிழமை காலை நாலு மணி நேரம் யாரால் ஒதுக்க முடியும்? வார இறுதியிலும் ஷிஃப்ட் பார்க்கிறவரால் முடியுமா? கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் அம்மாவால்? முதுகுவலிக்காரரால்? ‘நோ டிக், நோ ரைட்’ கேட்பதற்கு உழைப்பாளியின் குரல்போல இருக்கும். நடைமுறையில் அது ஓய்வு நேரம் உள்ளவர்களுக்கே பாதை என்று ஆகிவிடும். என்னைப் போன்ற ஐடிக்காரர்களுக்கு வசதிதான்.

அப்படியானால் உழைப்புக்கு ஒரு மதிப்பும் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுக் காடுகளில் அனுமதி இல்லாமல் ரகசியமாகப் பாதை வெட்டுகிறவர்கள் உண்டு. நிர்வாகம் வந்து அதை இடித்து மூடும்போது ‘எங்கள் வியர்வை’ என்று குமுறுவார்கள். அந்த வியர்வை உண்மைதான். ஆனால் அந்தச் சரிவில் கூடு கட்டும் பறவையிடமோ, நடந்துபோகும் கிழவரிடமோ, அது உங்களுக்குப் பரவாயில்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்த உழைப்பு எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் அதற்குள் ஒரு ஆக்கிரமிப்பு இருக்கிறது. அனுமதிக்காக வருஷக்கணக்கில் கூட்டங்களில் உட்கார்ந்து, ஆட்சேபங்களைக் கேட்டு, பாதையை இடம் மாற்றி வரைகிற அமைப்புகளின் வேலை சலிப்பானது. அறம் என்று ஏதாவது இருந்தால், அந்தச் சலிப்பில்தான் அது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தோண்டியவருக்குச் சொந்தம் கிடைப்பதில்லை; சொல் கிடைக்கிறது. எங்கே தண்ணீர் நிற்கும், எந்த வேரை வெட்டினால் மரம் சாயும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் பேசும்போது மற்றவர்கள் காது கொடுக்க வேண்டும். கதவைப் பூட்டும் சாவி மட்டும் அவர் கையில் இருக்கக் கூடாது. ஓப்பன் சோர்ஸ் உலகில் இது பழகிய விஷயம். பராமரிப்பவர் ஒரு மாற்றத்தை வேண்டாம் என்று மறுக்கலாம். ஆனால் ஒரு வரிகூட எழுதாதவனும் அதைப் பயன்படுத்தலாம் என்றுதான் உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பார்கள். தன்னார்வ மணி நேரங்களுக்கு அமெரிக்காவில் டாலர் கணக்குப் போடுகிறார்கள். மானியம் கேட்க அந்தக் கணக்கு தேவைதான், போடட்டும். அதை எடுத்துக்கொண்டுபோய் அந்தக் கல்லூரிப் பையனிடம் நீட்டக் கூடாது. அவன் என்றைக்காவது மண்வெட்டியோடு வரலாம், வராமலும் போகலாம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த வளைவை வெட்டினோம்.