தன் கையைத் தான் காணல்

தாதியப் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தி பயிற்சிப் பொம்மைக்குச் சிறுநீர்க்குழாய் செலுத்துகின்றாள். கமரா அவளது கைகளைப் பதிவு செய்கின்றது. பின்னர், செய்முறைப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, தன் செயலைத் தானே பார்த்து மதிப்பிடுகின்றாள். கிருமி நீக்கிய கையுறையின் விரல் போர்வையின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. செய்தபொழுது அவள் அதனை அறியவில்லை. தொடவில்லை என்று சத்தியமே செய்திருப்பாள். அதனைப் பொய் என்போமா? கவனமெல்லாம் குழாயின் நுனியில் குவிந்திருக்க, விரல் தன் வழியே போயிற்று.

நேர்மையுள்ளவன் என்பதனாலேயே ஒருவன் தன்னை அறிந்தவன் ஆகிவிடுவானா? 1847இல் வியன்னாவின் மகப்பேற்று விடுதியில் செம்மல்வைஸ் கைகழுவும் விதியைக் கொணர்ந்தபோது அதனை ஏற்க மறுத்த மருத்துவர்கள் கொடியவர்களல்லர். தம் கைகள் தூயவை என மனமார நம்பியவர்கள். அந்நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் தாய்மார்.

ஆசிரியர்களாகிய நமக்கு இம்முறை அந்நியமன்று. 1963இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் டுவைற் அலன் முதலியோர் உருவாக்கிய நுண்கற்பித்தலும் இவ்வழிப்பட்டதே: சிறு பாடம், ஒளிப்பதிவு, தன்னைத் தான் பார்த்தல், மீண்டும் கற்பித்தல். முதன்முறை பார்ப்பவனுக்குத் தன் பிழை தெரிவதில்லை. குரலும் நடையுமே தெரிந்து கூசவைக்கும். (நாமும் கூசினோம்.) கூச்சம் விலகிய பின்னரே செயல் கண்ணிற்படும்.

ஆனால் கமராவுக்கு வேறொரு பரம்பரையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில், பிராங்க் கில்பிரெத் தொழிலாளரின் அசைவுகளைப் படமாக்கி, வீணான அசைவு எதுவெனக் கணக்கிட்டார். அறுவைச் சிகிச்சைக் கூடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. களைப்பைக் குறைப்பதும் அவர் நோக்கங்களுள் ஒன்று என்பது மெய். ஆயினும் அவரை அழைத்துக் கூலி கொடுத்தது நிருவாகம்; உழைத்த கையன்று.

ஆகவே, பதிவு யாருடையது என்று நாம் கேட்டாக வேண்டும். அது அலுவலகக் கோப்புக்குள் சென்றுவிட்டால், மாணவி கற்பதை விடுத்துக் கமராவுக்கு நடிக்கத் தொடங்குவாள். முதற்பார்வை அவளுக்கு மட்டுமே உரியதாகட்டும். புள்ளி இடுமுன் அழிக்கும் உரிமையும் அவளுக்கு இருக்கட்டும். அதற்காக அவளைத் தனியே விட்டுவிடவும் இயலாது. செய்முறையை அறியாத கண், அதே அறியாமையுடன்தானே பதிவையும் பார்க்கும்? இரண்டாம் பார்வைக்கு ஆசிரியை அருகில் வேண்டும். நோயாளியின் உடல் அதனைக் கோருகின்றது.

பட்டியலில் இன்னொரு வரியும் உண்டு: நோயாளிக்கு விளக்கிக் கூறுதல், திரையை இழுத்து மறைத்தல். மாணவி பொம்மையிடம் இரண்டு வார்த்தை கூறித் திரையை இழுக்கின்றாள். பின்னர் பதிவைப் பார்த்து அவ்வரிக்கு நேரே 'சரி' இடுகின்றாள். பொம்மைக்கோ வெட்கமில்லை.