நெற்றி மருவும் திருநீறும்

சைவ அன்பர் ஒருவர், தம் நெற்றியில் எழுந்த மருவினைத் தோல் மருத்துவரிடஞ் சென்று நீக்கிக்கொள்ளலாமா என அண்மையில் எம்மை வினாவினார். அம்மரு நோவு தருவதன்று. காண்பார் கண்ணுக்கு அழகன்று என்பதே அவர் குறை. நீக்கியபின் பொருக்கு உதிருங்காறும் அவ்விடத்து யாதும் பூசலாகாதென மருத்துவர் கூறினமையின், சின்னாள் நெற்றி நீறின்றி இருத்தல் வேண்டும். வினையால் வந்ததனை விலக்குதல் முறையோ? அழகின்பொருட்டுச் சிவசின்னத்தைச் சின்னாள் விடுதல் தகுமோ? இவை அவர்தம் ஐயங்கள். சிறியனபோலத் தோன்றினும், உயிர்க்கும் உடம்பிற்கும் உள்ள இயைபைப் பற்றியன ஆகலின், இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அச்சிகிச்சையின் இயல்பை அறிதல் வேண்டும். மருத்துவர் மரப்பு மருந்தினால் அவ்விடத்தை உணர்விழக்கச் செய்து, மின்சாரத்தாற் சூடேறிய நுண்ணிய ஊசிகொண்டு மருவைச் சுட்டு நீக்குவர். சிலவற்றைச் சுழியத்திற்குக் கீழ் 196 பாகை வரை குளிர்ந்த நைட்ரஜன் நீர்மத்தால் உறையச் செய்து உதிர்ப்பர். நம் முன்னோரும் மருவை நீக்க முயலாதவரல்லர். குதிரைமயிரால் அதன் அடியை இறுகக் கட்டுதலும், சுண்ணாம்பு வைத்தலும் நம் ஊர்ப் பாட்டிமார் கைமுறைகள். சுசுருத சங்கிதையும் மரு, மச்சம் முதலியவற்றை அறுத்துக் காரத்தாலும் தீயாலும் சுடும் முறையைக் கூறுகின்றது. ஆகலின் செயல் பழையது, கருவியே புதிது. எனினும், நிறம் மாறியும் ஓரஞ் சிதைந்தும் விரைந்து வளர்ந்தும் குருதி கசிந்தும் நிற்கும் மச்சத்தை அழகுக்குறையென்று மட்டும் எண்ணிச் சுட்டுவிடலாகாது. அது புற்றாதலுங் கூடுமாகலின், தசையை ஆய்ந்து தெளிந்த பின்னரே ஆவன செய்தல் வேண்டும்.

இனி, வினையால் வந்ததனை விலக்கலாகாது என்பார் கூற்றை நோக்குவாம். மரு பிராரத்தத்தால் வந்ததாயின், அதனை நீக்கும் மருத்துவரும், அவர்தங் கருவியும், அவர்க்கு ஈயும் பொருளும் எதனால் வந்தன? துன்பத்தை மட்டும் வினையின்பாற் சேர்த்து, அது தீரும் வாயிலை வினைக்குப் புறம்பாக்குதல் பொருந்தாது. ஆளுடைய பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, வினையென்று கூறி வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளி அந்நோயைத் தீர்த்தனர். கூன்பாண்டியனுடைய வெப்புநோயேயன்றி அவன் கூனும் அவரருளால் நிமிர்ந்தது. நம்பியாரூரர் திருத்துருத்தித் தீர்த்தத்தில் மூழ்கி உடற்பிணி நீங்கினார். இன்றும் புள்ளிருக்குவேளூரில் உப்பும் மிளகுமிட்டு வேண்டுவோரை, வினையை எதிர்த்தார் என்று எவருங் குறைகூறார்.

வினையென்னும் மெய்ம்மை தன் துன்பத்திற் பொறுமைக்கும், பிறர் துன்பத்தில் இரக்கத்திற்கும் பயன்படற்பாலது. முகத்து மறுவினால் மணந் தட்டி மனம் நைந்திருக்கும் பெண்ணொருத்தியை நோக்கி, "உன் வினை, பொறுத்துக்கொள்" என்பார், சித்தாந்தம் பேசுவாரல்லர், தம் வன்கண்மைக்குச் சித்தாந்தத்தைப் போர்வையாக்குவார்.

அற்றேல், காரைக்காலம்மையார் அழகிய உடம்பை உதறிப் பேய்வடிவு வேண்டினாரன்றோ எனின், வேண்டினார்; உண்மை. கணவன்பொருட்டுத் தாங்கிய வனப்பு, அவன் தம்மைத் தெய்வமென வணங்கி விலகியபின், பயனற்ற சுமையாயிற்று, ஆகலின் கழித்தனர். அது முறுகிய அன்பின் நிலை. அதனை உலகியலில் நிற்பார் அனைவர்க்கும் விதியாக்குதல் பொருந்தாது.

அங்ஙனமாயின் குற்றம் யாண்டுளது? இறைவன் மாயையினின்று தனு கரண புவன போகங்களைக் கூட்டுவித்தது, உயிர் மலப்பிணி நீங்கும்பொருட்டு. கருவியைத் துடைத்துப் பேணுதல் குற்றமன்று. கருவியே யான் என மயங்குதல் குற்றம். அம்மயக்கம் எங்கே மிகுகின்றதெனின், இயற்கை நிறத்தையே பிழையென்று கருதுமிடத்து. தோலுக்கு நிறந்தரும் மெலனினை ஆக்கும் உயிரணுக்களின் தொகை கரியார்க்கும் வெளியார்க்கும் ஏறக்குறைய ஒன்றே; அவை ஆக்கும் நிறமியின் அளவும் வகையுமே வேறு. அந்நிறமி ஞாயிற்றின் கடுங்கதிரினின்று தோலைக் காப்பதுமாம். அதனைப் பிணியென்றெண்ணிப் பாதரசங் கலந்த பசைகளைப் பூசிச் சிறுநீரகங் கெடுவாரும், மருத்துவர் சொல்லாத ஸ்டீராய்டு களிம்பினால் தோல் மெலிவாரும் உளர். உமையம்மையைக் கரிய மேனியளாகக் கண்டு வணங்குவோர், தம் மகள் கருமைக்கு நாணுவது என்னை? நஞ்சுண்ட கறையைப் பெருமான் மறைத்திலன். அக்கறையே நீலகண்டன் என்னுந் திருப்பெயராயிற்று. அதனைப் பாடியே அடியார் சுரந் தீர்ந்தனர்.

ஆதலின், மருவை நீக்கப் புகுவார் தம்மைத் தாமே வினாவற்பாலது ஒன்றுண்டு. நம்மனோரது கருநிறத் தோலில், சுட்ட இடம் சில திங்கள் முன்னினுங் கருத்தலும், வெளுத்துத் தழும்பாதலும் உண்டு. தூய தோல் வரினும் தழும்பு வரினும் ஒப்ப ஏற்க மனம் இசையுமா? இசையுமாயின் தாராளமாகச் செல்க. அது இருவினையொப்பிற்கு ஒரு சிறு பயிற்சியுமாம். இசையாதாயின், மரு போயினும் மற்றொரு குறையை அம்மனம் மறுநாளே தேடும். மேற்றோல் ஏறக்குறையத் திங்கட்கொருமுறை தானே புதுக்கிக்கொள்வது. அதன்மேல் வைத்த பற்றுக்கு நிலைக்களன் ஏது?

எஞ்சியது திருநீற்றைப் பற்றிய ஐயம். திருக்கோயிலிற் கருவறையைப் புதுக்குங்கால், பாலாலயஞ் செய்து இறைவனை வேறிடத்து எழுந்தருளுவித்து வழிபடுவர், பூசை இடையறுவதில்லை. உடம்பும் அவனுக்கு ஆலயமே. நெற்றிப்புண் ஆறுமளவும் மார்பு, தோள் முதலிய ஏனைத் தானங்களில் நீறணிக. நெற்றிக்கு மனத்தால் இடுக. புண்ணின்மேல் நீறு குழைத்திட்டு அதனைச் சீழ்கொள்ளச் செய்தல் பத்தியாகாது.

ஆயினும் அச்சின்னாளும் அன்பர்க்கு ஓர் உரைகல்லாம். கண்ணாடிமுன் நிற்குங்கால், "மரு போயிற்று" என்னும் மகிழ்ச்சி முந்துமா, "நீறு இல்லையே" என்னும் ஏக்கம் முந்துமா? ஏக்கம் முந்துமாயின், அவர் நீக்கியது மரு மட்டுமே, வேறொன்றையும் இழந்தாரல்லர். மகிழ்ச்சியே முந்துமாயின், மருத்துவர் ஊசிக்கு எட்டாத மறுவொன்று உள்ளே எஞ்சியுளதென்று உணர்ந்து, அதனைத் தீர்க்கவல்லான் திருவடியை நாடுக.